சப்வெர்ஷன் களஞ்சியத்துக்குக் கிட்டில் மிரர்: ஹேஷ் மாறாமல் காப்பது எப்படி

உங்கள் நிலையை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் எழுதிவிடுகிறேன். 2008 முதல் இயங்கிவரும் ஒரு சப்வெர்ஷன் களஞ்சியம், அதாவது மூலநிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகப் பதிந்துவைக்கும் சேமிப்பகம், உங்களிடம் இருக்கிறது. அதில் ஏறத்தாழ 46,000 ரிவிஷன்கள், அதாவது எண்ணிட்ட மாற்றப் பதிவுகள், உள்ளன. தொடக்கத்திலுள்ள சில ஆயிரம் ரிவிஷன்கள் அதற்கும் முன்பிருந்த சிவிஎஸ் என்ற பழைய பதிப்புக் கருவியிலிருந்து மாற்றப்பட்டு வந்தவை. மூலநிரலை இயங்கும் மென்பொருளாக்கும் பில்ட் குழுவும் வெளியீட்டுக் குழுவும் இன்னும் ஓராண்டுக்காவது சப்வெர்ஷனை விட முடியாது. மற்றவர்கள் இப்போதே கிட் என்ற இன்னொரு பதிப்புக் கருவியில் வேலை செய்ய விரும்புகிறார்கள். சப்வெர்ஷனில் விழுகிற ஒவ்வொரு கமிட்டும், அதாவது பதியப்படும் ஒவ்வொரு மாற்றமும், தானாகவே கிட்டுக்கு வந்து சேரும்படி மிரர் எனும் நகல் களஞ்சியம் அமைப்பது எப்படி என்றும், முழுமையாக மாறுகிற நாளில் அந்த மிரரையே புதிய களஞ்சியமாக அறிவித்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மிரர் அமைப்பது நிச்சயமாக முடியும்; அதற்கான கருவிகள் நெடுநாள் பழகித் தேர்ந்தவை. மிரரையே புதிய களஞ்சியமாக்குவது பற்றிக் கேட்டால், பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்வேன். காரணத்தைப் பின்னால் விளக்குகிறேன். இரண்டு பதில்களுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்தான். மிரரை முதல் ஆள் குளோன் செய்த (தம் கணினிக்கு முழு நகல் எடுத்த) நொடியிலிருந்து, அதிலுள்ள எந்தக் கமிட்டின் அடையாள எண்ணான ஹேஷும் இனி மாறாது என்று நீங்கள் உறுதி கொடுத்துவிட்டதாகப் பொருள். ஆகவே ஹேஷைப் பாதிக்கக்கூடிய ஒவ்வொரு முடிவையும் முதல் குளோனுக்கு முன்பே எடுத்து, எழுதிவைத்து, அதன்பின் தொடாமல் விட வேண்டும்.

கிட்டில் ஒரு கமிட்டின் ஹேஷ் என்பது கோப்புகளின் உள்ளடக்கம், முந்தைய கமிட்டின் ஹேஷ், எழுதியவரின் பெயர், மின்னஞ்சல், நேரம், நேர மண்டலம், கமிட் குறிப்பு ஆகிய அனைத்தையும் சேர்த்துக் கணக்கிடப்படும் 40 இலக்கப் பதினறும எண். முந்தைய கமிட்டின் ஹேஷும் கணக்கில் சேர்வதால், முதல் கமிட்டை எழுதியவரின் மின்னஞ்சலில் ஓர் எழுத்து மாறினாலும் அதற்குப் பின்வரும் 46,000 ஹேஷ்களும் மாறிவிடும். சப்வெர்ஷனில் நிலைமை வேறு. அங்கே ரிவிஷன் எண் என்பது சர்வர் வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போகிற எண் மட்டுமே. எழுதியவர் பெயர், நேரம், குறிப்பு ஆகிய மூன்றும் அந்த ரிவிஷனோடு ஒட்டப்பட்ட பிராப்பர்ட்டிகள்; அவற்றுக்கென்று பதிப்பு வரலாறு கிடையாது. அனுமதி இருந்தால் பத்தாண்டுக்கு முந்தைய குறிப்பையும் இன்றைக்குத் திருத்தலாம். எண் அப்படியே இருக்கும், பழைய வாசகம் களஞ்சியத்தில் எங்கும் மிஞ்சாது.

இந்த வேறுபாட்டை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் நான் அமைத்த மிரர் ஓராண்டுக்கும் மேலாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தபோது, அது இருந்த சர்வரின் டிஸ்க் போய்விட்டது. மூலம் சப்வெர்ஷனில் பத்திரமாக இருக்கிறது, திரும்ப ஓட்டினால் அதே மிரர் கிடைத்துவிடும் என்று நம்பி, மிரருக்கென்று தனியே பேக்கப் எடுக்காமல் விட்டிருந்தேன். மூன்று நாள் ஓடி முடிந்து, புதிய மிரரைத் திறந்துவிட்ட காலையில், குழுவில் இருந்த முப்பது பேருக்கும் புல் செய்ய, அதாவது புதிய மாற்றங்களை இறக்கிக்கொள்ள, முடியவில்லை. ஒப்பிட்டுப் பார்த்ததில் முதல் 18,000 சொச்சம் ரிவிஷன்களின் ஹேஷ்கள் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தன. அதற்கடுத்த ஒரே ஒரு கமிட்டில் விலகல் தொடங்கியிருந்தது. அந்தக் கமிட்டின் குறிப்பில் யாரோ கவனக்குறைவாக எழுதிவிட்ட ஒரு கடவுச்சொல்லை, சப்வெர்ஷன் நிர்வாகி பின்னொரு நாளில் அழித்திருந்தார். அவர் செய்தது முற்றிலும் சரியான காரியம்; பேக்கப் இல்லாமல் விட்டது என் தவறு. ஒவ்வொருவரிடமும் முடியாமல் கிடந்த கிளைகளை (தனியே பிரிந்து நடக்கும் வேலைத் தொடர்களை) புதிய வரலாற்றின் மேல் ரீபேஸ் செய்து, அதாவது எடுத்து மறுபடி அடுக்கி, கொடுக்க ஒரு வாரம் ஆனது. அன்றிலிருந்து, மிரரைச் சப்வெர்ஷனிலிருந்து எப்போது வேண்டுமானாலும் திரும்ப உருவாக்கிக்கொள்ளக்கூடிய ஒன்றாக நான் கருதுவதில்லை. அதற்கும் மூலக் களஞ்சியத்துக்கு எடுப்பது போலவே பேக்கப் எடுங்கள்.

கருவியைப் பொறுத்தவரை, தினசரி ஓடும் ஒருவழி மிரருக்கு நான் பரிந்துரைப்பது கிட்டோடு கூடவே வரும் கிட்-எஸ்விஎன். எரிக் வாங் 2006-இல் எழுதத் தொடங்கிய இந்தக் கருவி, விட்ட இடத்திலிருந்து தொடர்வதில் நம்பத்தக்கது. எந்த ரிவிஷன் எந்த ஹேஷாக ஆனது என்பதை ரெவ்-மேப் என்ற பைனரிக் கோப்பில் குறித்துவைத்துக்கொண்டு, அடுத்த முறை அதற்குப் பிந்தியவற்றை மட்டும் எடுக்கிறது. இதன் குறை வேகம். ஒவ்வொரு ரிவிஷனையும் சர்வரிடம் கேட்டு வாங்குவதால், வலையமைப்பின் வழியாக 46,000 ரிவிஷன்களை எடுக்க நாள்கணக்காகும். கேடிஇ திட்டத்தினர் தங்கள் களஞ்சியத்தை மாற்றுவதற்காக உருவாக்கிய எஸ்விஎன்-ஆல்-ஃபாஸ்ட்-எக்ஸ்போர்ட், களஞ்சியத்தை டிஸ்க்கிலிருந்தே நேரடியாகப் படிப்பதால் மிக வேகமானது. எந்தப் பாதை எந்தக் கிளைக்குப் போக வேண்டும் என்பதை விதிகளாக எழுதிக்கொடுக்க வேண்டும். களஞ்சியத்தின் அமைப்பு சிக்கலாக இருந்தால் அதையும் யோசிக்கலாம். இரண்டு பக்கமும் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், அதற்கென்றே உருவான சப்கிட் என்ற வணிக மென்பொருள் இருக்கிறது. நீங்களே ஸ்கிரிப்ட் எழுதி இருவழி இணைப்பு செய்ய முயலாதீர்கள். ஒரே நொடியில் இரண்டு பக்கமும் கமிட் விழும்போது எது முந்தையது என்று தீர்மானிக்கும் வேலை, பார்க்கிறபோது தோன்றுவதைவிடப் பன்மடங்கு கடினமானது.

கிட்-எஸ்விஎன்னை மூல சர்வரின் மேல் நேரடியாக ஓட்டாமல், முதலில் எஸ்விஎன்-சிங்க் என்ற கருவியால் சப்வெர்ஷன் களஞ்சியத்துக்கே ஒரு சப்வெர்ஷன் நகலை மிரர் சர்வரின் டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளுங்கள். சப்வெர்ஷன் 1.4 முதல் இக்கருவி கூடவே வருகிறது. உள்ளூர் நகலிலிருந்து படிப்பதால் முதல் ஓட்டம் பன்மடங்கு விரைவாக முடியும். அமைப்பைச் சோதித்துப் பார்க்க ஐந்தாறு முறை திரும்ப ஓட்டினாலும் மூல சர்வருக்குச் சுமை ஏறாது. இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். நகல் களஞ்சியத்தில் ப்ரீ-ரெவ்ப்ராப்-சேஞ்ச் என்ற ஹூக்கை (குறிப்பிட்ட நிகழ்வின்போது தானாக ஓடும் ஸ்கிரிப்டை) அனுமதி தரும்படி வைக்காவிட்டால் சிங்க் தொடங்கவே தொடங்காது. சிங்க் செய்யும் பயனர்க் கணக்குக்கு எல்லாப் பாதைகளையும் படிக்கும் உரிமை இருக்க வேண்டும். படிக்க முடியாத ஃபோல்டர் இருந்தால் அது விடுபட்டே நகலாகும், பிறகு எவ்வளவு தேடினாலும் மிரரில் கிடைக்காது. மூன்றாவதாக, சிங்க் நடுவில் மின்சாரம் போனால், நகலின் 0-ஆம் ரிவிஷனில் பூட்டு ஒன்று தங்கிவிடும். அதன்பின் வருகிற ஒவ்வொரு ஓட்டமும் அந்தப் பூட்டுக்காகக் காத்திருந்து தோற்கும். வேறு சிங்க் எதுவும் ஓடவில்லை என்று உறுதிசெய்துகொண்டு அந்தப் பிராப்பர்ட்டியை நீக்கினால் சரியாகிவிடும்.

உள்ளூர் நகலிலிருந்து எடுப்பதால் இன்னொரு கேள்வி எழும். கிட்-எஸ்விஎன் ஒவ்வொரு கமிட் குறிப்பின் அடியிலும், கிட்-எஸ்விஎன்-ஐடி என்று தொடங்கி, களஞ்சிய முகவரி, கிளைப் பாதை, ரிவிஷன் எண், களஞ்சியத்தின் தனி அடையாள எண்ணான யூயூஐடி ஆகியவற்றைக் கொண்ட ஒரு வரியைச் சேர்க்கிறது. இந்த வரியும் ஹேஷில் சேர்கிறது. அங்கே உங்கள் சர்வர் டிஸ்க்கின் பாதை பதிந்துவிட்டால் யாருக்கும் பயன்படாது. ஆகவே ரீரைட்-ரூட் என்ற அமைப்பில் எல்லோரும் பயன்படுத்தும் பொது முகவரியைக் கொடுத்து, நகலின் யூயூஐடியையும் மூலத்தினதாகவே மாற்றிவிடுங்கள். இந்த வரி அழகாக இல்லை என்று சொல்லி நோ-மெட்டாடேட்டா என்ற விருப்பத்தால் அதை நீக்கிவிடுகிறவர்கள் உண்டு. ஒரே முறை மாற்றிவிட்டுச் சப்வெர்ஷனை மூடப்போகிறவர்களுக்கு அது பொருந்தலாம். தொடர்ந்து ஓடும் மிரருக்குப் பொருந்தாது. ரெவ்-மேப் கோப்பு கெட்டுப்போனால் அதைத் திரும்பக் கட்டுவதற்கு இருக்கிற ஒரே ஆதாரம் அந்த வரிதான். தவிரவும், பழைய புகார்ப் பதிவுகளில் "31,207-ஆம் ரிவிஷனில் சரிசெய்யப்பட்டது" என்று எழுதியிருப்பதை நாளைக்கு ஒருவர் தேடும்போது, அவருக்கு வழிகாட்டப்போவதும் அதுதான்.

அடுத்தது பெயர்ப் பட்டியல். சப்வெர்ஷனில் பயனர்ப் பெயர் மட்டுமே இருக்கும். கிட்டுக்கு முழுப்பெயரும் மின்னஞ்சலும் வேண்டும். ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் சப்வெர்ஷன் பயனர்ப் பெயர், சமக்குறி, வலப்பக்கம் முழுப்பெயர், கோண அடைப்புக்குள் மின்னஞ்சல் என்று ஒரு கோப்பைத் தயாரிக்க வேண்டும். கமிட் பதிவேடான முழு லாகையும் எடுத்து அதிலிருந்து தனித்தனிப் பெயர்களைப் பிரித்தால், நீங்கள் எதிர்பார்த்ததைவிட நீண்ட பட்டியல் வரும். பதினைந்து ஆண்டுகளில் வந்துபோனவர்கள், ஒரே ஆளுக்குச் சிற்றெழுத்தில் ஒன்று பேரெழுத்தில் ஒன்று என்று இரண்டு கணக்குகள், பில்டுக்கென்று வைத்த பொதுக் கணக்கு எல்லாம் அதில் இருக்கும். சிவிஎஸ்ஸிலிருந்து மாற்றப்பட்ட பகுதியில், கிளையையும், ஒரு வெளியீட்டுக்குப் பெயரிட்டுக் குறிக்கும் டேகையும் உருவாக்குவதற்காக மாற்றுக் கருவியே செயற்கையாகச் சேர்த்த ரிவிஷன்களுக்கு எழுதியவரே இல்லாமல் இருக்கலாம். கிட்-எஸ்விஎன் அவற்றை 'நோ ஆத்தர்' என்று அடைப்புக்குறியோடு கேட்கும், அதற்கும் ஒரு வரி வேண்டும். பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் கருவி அந்த இடத்திலேயே நின்றுவிடும். இது நல்ல குணம். ஏதாவது ஒரு பொதுப் பெயரைப் போட்டு நகர்ந்துபோகும்படி மாற்றாதீர்கள். புதியவர் ஒருவர் பணியில் சேர்ந்து முதல் கமிட் செய்த நாளில் மிரர் நிற்கும், நீங்கள் ஒரு வரி சேர்த்தால் ஓடும். அவ்வளவுதான்.

பட்டியலில் ஏற்கெனவே உள்ள வரியை மட்டும் ஒருபோதும் திருத்தக் கூடாது. திருமணத்துக்குப் பின் ஒருவர் பெயரை மாற்றிக்கொள்வார், நிறுவனம் மின்னஞ்சல் முகவரியை மாற்றும், தம் பெயரின் எழுத்துக்கூட்டு தவறு என்று ஒருவர் வருத்தப்படுவார். இவை நியாயமான கோரிக்கைகள். இவற்றுக்காகவே கிட்டில் மெயில்மேப் என்ற வசதி இருக்கிறது. களஞ்சியத்தின் மேல்மட்டத்தில் அந்தப் பெயரில் ஒரு கோப்பை வைத்து, பழைய பெயருக்குப் புதிய பெயரைக் குறித்துவிட்டால், கமிட்டுகளை ஆள்வாரியாகத் தொகுக்கும் ஷார்ட்லாகிலும், ஒவ்வொரு வரியையும் எழுதியவரைக் காட்டும் பிளேமிலும் புதிய பெயரே தெரியும். ஹேஷ் எதுவும் மாறாது. அந்தக் கோப்பை மிரரில் நேரடியாகச் சேர்க்காமல் சப்வெர்ஷனிலேயே கமிட் செய்யுங்கள். தானாகக் கிட்டுக்கு வந்துவிடும்.

எந்தக் கோப்புகளைக் கண்டுகொள்ள வேண்டாம், எவற்றை எப்படிக் கையாள வேண்டும் என்று கிட்டுக்குச் சொல்லும் டாட்-கிட்இக்னோர், டாட்-கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்புகளுக்கும் இதே வழிதான். சப்வெர்ஷனின் இக்னோர் பிராப்பர்ட்டியைக் கிட் கண்டுகொள்ளாது. அதைப் படித்துக் கோப்பாக்கித் தருகிற கட்டளை கிட்-எஸ்விஎன்னில் இருக்கிறது. ஆனால் அந்தக் கோப்பை மிரருக்குள்ளேயே கமிட் செய்தால், சப்வெர்ஷனில் இல்லாத ஒரு கமிட் வரலாற்றின் நடுவில் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும். மிரரில் இருக்கிற ஒவ்வொரு பைட்டும் சப்வெர்ஷனிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பதை விதியாக வைத்துக்கொண்டால் இத்தகைய ஐயங்கள் தாமே தீர்ந்துவிடும்.

களஞ்சியத்தின் அமைப்பை ஆராய்வதற்கு ஒரு முழுநாளை ஒதுக்குங்கள். முதன்மை வேலைக்கான டிரங்க், கிளைகளுக்கான பிராஞ்சஸ், டேகுகளுக்கான டேக்ஸ் என்ற மூன்று ஃபோல்டர்களும் முதல் நாளிலிருந்தே இருந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். சப்வெர்ஷனுக்குக் கிளை என்ற கருத்தே கிடையாது. ஃபோல்டரை நகலெடுப்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும். டிரங்க் என்பதும் டேக்ஸ் என்பதும் மனிதர்கள் வைத்துக்கொண்ட வழக்கம். முதல் சில நூறு ரிவிஷன்கள் மேல்மட்டத்திலேயே நடந்து பிறகு டிரங்குக்கு நகர்த்தப்பட்டிருக்கலாம். ஒருவர் பிராஞ்சஸுக்குள் குழுப் பெயரில் ஒரு ஃபோல்டர் வைத்து அதற்குள் கிளைகளை வைத்திருக்கலாம். டிரங்கின் ஒரு துணை ஃபோல்டரை மட்டும் கிளையாக எடுத்திருக்கலாம். இத்தகைய இடங்களில் கிட்-எஸ்விஎன் கிளைப் பெயரின் பின்னால் அட் குறியும் ஒரு ரிவிஷன் எண்ணும் சேர்த்த கூடுதல் கிளைகளை உருவாக்கும். முதல் சோதனை ஓட்டத்தில் அப்படிப்பட்ட பெயர்கள் தென்பட்டால், ஒவ்வொன்றும் உங்கள் வரலாற்றில் யாரோ வழக்கத்தை மீறிய ஓர் இடத்தைக் காட்டுகிறது என்று கொண்டு, அந்த ரிவிஷனின் லாகைத் திறந்து படித்துப் பாருங்கள். இந்த வேலை எனக்கு எப்போதும் பிடிக்கும். நிறுவனத்தில் இப்போது யாருக்கும் நினைவில்லாத முடிவுகளும் அவற்றின் காரணங்களும் அங்கேதான் கிடைக்கின்றன.

முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியவை இன்னும் சில இருக்கின்றன. கிட் வெற்று ஃபோல்டர்களைச் சேமிப்பதில்லை. உங்கள் பில்ட் ஏதாவது ஒரு வெற்று ஃபோல்டரை எதிர்பார்த்தால், இடம்பிடிக்கும் கோப்பு வைக்கிற விருப்பத்தை முதலிலிருந்தே போட்டாக வேண்டும். எக்ஸ்டெர்னல்ஸ் பிராப்பர்ட்டியால் இணைக்கப்பட்ட வெளிக் களஞ்சியங்கள் வாரா. அவற்றுக்குத் தனி மிரரோ பில்ட் ஸ்கிரிப்டில் மாற்றமோ வேண்டும். என்றைக்கோ ஒருவர் தவறுதலாகக் கமிட் செய்து மறுநாளே நீக்கிய ஒரு பெரிய இன்ஸ்டாலர் கோப்பு வரலாற்றில் கிடக்கலாம். கிட்ஹப் என்ற இணையச் சேவையில் வைப்பதாக இருந்தால், 100 எம்பிக்கு மேற்பட்ட ஒரே ஒரு கோப்பு வரலாற்றின் எந்த மூலையில் இருந்தாலும் புஷ், அதாவது அங்கே அனுப்புவது, மறுக்கப்படும். அத்தகைய பாதைகளை விலக்கும்படி கிட்-எஸ்விஎன்னுக்குச் சொல்லலாம்; சொன்ன பின் அந்த விலக்குப் பட்டியலும் பெயர்ப் பட்டியலைப் போலவே மாறாததாகிவிடும். நேர மண்டலத்தை இயல்பான, உலகப் பொது நேரமான யூடிசியிலேயே விடுங்கள். உள்ளூர் நேரத்தில் பதியும் விருப்பம், ஓட்டுகிற கணினியின் அமைப்பைப் பொறுத்து ஹேஷை மாற்றிவிடும். கிட்டின் பதிப்பு எண், விருப்பங்கள், பட்டியல்கள் எல்லாவற்றையும் ஒரு தனிச் சிறு களஞ்சியத்தில் எழுதிவையுங்கள்.

முதல் முழு ஓட்டம் முடிந்ததும் உடனே யாருக்கும் முகவரியைக் கொடுத்துவிடாதீர்கள். சரிபார்ப்புக்கு நான் செய்வது இது: எல்லாக் கிளைகளின் முனைகள், எல்லா டேகுகள், டிரங்கில் பரவலாகத் தேர்ந்த ஐம்பது ரிவிஷன்கள் ஆகியவற்றைச் சப்வெர்ஷனிலிருந்தும் கிட்டிலிருந்தும் தனித்தனியாக எக்ஸ்போர்ட் செய்து, கோப்புக்குக் கோப்பு ஒப்பிடுவேன். முதல் முறை செய்கிறவர்களுக்கு இங்கே ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். நூற்றுக்கணக்கான கோப்புகள் ஒத்துவராதவையாகத் தெரியும். அஞ்ச வேண்டியதில்லை. டாலர் குறிகளுக்கிடையே ஐடி என்று எழுதிய கீவேர்டைச் சப்வெர்ஷன் எக்ஸ்போர்ட் செய்யும்போது கோப்புப் பெயர், எண், தேதி என்று விரித்துக் கொடுக்கிறது. களஞ்சியத்தில் அது சுருங்கிய வடிவிலேயே இருக்கிறது, கிட்-எஸ்விஎன் அந்தச் சுருங்கிய வடிவத்தைத்தான் எடுக்கிறது. வரிமுடிவுக் குறிகளும் அப்படியே. கீவேர்டுகளைப் புறக்கணிக்கும் விருப்பத்தையும், வரிமுடிவை எல்எஃப் (யூனிக்ஸ் வகை வரிமுடிவு) ஆக வைக்கும் விருப்பத்தையும் கொடுத்து எக்ஸ்போர்ட் செய்தால் இந்தப் பொய் வேறுபாடுகள் மறைந்து, உண்மையானவை மட்டும் எஞ்சும். அப்போதும் எஞ்சுகிற ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரிந்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

டேகுகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சப்வெர்ஷன் டேகும் ஒரு ஃபோல்டர் நகல்தான் என்பதால், கிட்-எஸ்விஎன் அதை ஒரு கிளையாகவே கொண்டுவரும். டேகின் முனையிலுள்ள கமிட்டின் கோப்பு மரமும் அதன் தாய்க் கமிட்டின் கோப்பு மரமும் ஒரே ஹேஷ் கொண்டிருந்தால், அந்த டேக் தூய்மையானது; கிட் டேகைத் தாய்க் கமிட்டின் மேலேயே வைக்கலாம். ஒத்துவராவிட்டால், யாரோ டேக் செய்த பிறகு அதற்குள் ஒரு கோப்பைத் திருத்தியிருக்கிறார், அல்லது வெவ்வேறு ரிவிஷன்களில் நின்ற கோப்புகள் கலந்திருந்த தம் வேலைப் பிரதியிலிருந்து டேகை எடுத்திருக்கிறார். அப்படிப்பட்டவற்றுக்கு டேகின் சொந்தக் கமிட்டின் மேலேயே கிட் டேகை வையுங்கள். வாடிக்கையாளருக்குப் போனது அந்த உள்ளடக்கம்தான். தாய்க் கமிட்டுக்கு நகர்த்தி வரலாற்றை நேர்கோடாகக் காட்டுவது அழகாக இருக்கும், ஆனால் உண்மையாக இருக்காது.

வெளியிடுவதற்கு, கிட்-எஸ்விஎன் ஓடுகிற களஞ்சியத்திலிருந்து வேலைக் கோப்புகள் வைக்காத வேறொரு வெற்றுக் களஞ்சியத்துக்குப் புஷ் செய்யுங்கள். மற்றவர்கள் அங்கிருந்து மட்டும் எடுக்கட்டும். புஷ்ஷில் மிரர் என்ற பெயரிலேயே ஒரு விருப்பம் இருப்பதைப் பார்த்து அதைப் பயன்படுத்திவிடாதீர்கள்; அது உள்ளூரில் இல்லாத கிளைகளை அந்தப் பக்கம் அழித்துவிடும், கட்டாயமாக மேலெழுதவும் செய்யும். சப்வெர்ஷன் கிளைகள் வந்து சேர்ந்திருக்கும் ரிமோட்ஸ் பகுதியிலிருந்து, வெளியீட்டுக் களஞ்சியத்தின் ஹெட்ஸ் பகுதிக்கு என்று பாதையை வெளிப்படையாக எழுதி, கட்டாயப்படுத்தும் கூட்டல் குறியை இடாமல் விடுங்கள். அப்போது எந்தக் காரணத்தாலாவது வரலாறு மாறியிருந்தால் புஷ் தோற்கும், உங்களுக்கு மின்னஞ்சல் வரும், பயனர்களுக்குப் பாதிப்பு வராது. கிட்-எஸ்விஎன் சப்வெர்ஷனில் நீக்கப்பட்ட கிளைகளைத் தானாக நீக்காது; அவற்றை மாதம் ஒருமுறை கையால் பார்த்து அகற்றுவதே நல்லது.

சப்வெர்ஷனின் போஸ்ட்-கமிட் ஹூக்குக்குள்ளேயே மிரர் வேலை முழுவதையும் செய்ய வைத்தால், கமிட் செய்கிற ஒவ்வொருவரும் அது முடியும்வரை காத்திருக்க நேரிடும். ஹூக் மிரர் சர்வருக்கு ஒரு சைகை மட்டும் கொடுத்துவிட்டு உடனே திரும்ப வேண்டும். சைகை தவறினாலும் பிடித்துக்கொள்ள ஐந்து நிமிடத்துக்கொரு முறை க்ரான் எனும் நேரப்படி இயக்கி ஓடட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் மோதாமல் ஃப்ளாக் போன்ற ஒரு பூட்டு அவசியம். கடைசியாக மிரரான ரிவிஷன் எண்ணுக்கும் மூலத்தின் எண்ணுக்கும் உள்ள இடைவெளியைக் கண்காணித்து, அரை மணிக்கு மேல் பின்தங்கினால் எச்சரிக்கை வரும்படி வைத்துவிடுங்கள்.

கிட்டில் வேலை செய்கிறவர்கள் தங்கள் மாற்றங்களைச் சப்வெர்ஷனுக்கு எப்படிக் கொண்டுபோவார்கள் என்பதும் உடனே எழும் கேள்வி. ஒவ்வொருவரும் மிரரைக் குளோன் செய்து, அதே முகவரியும் அதே பெயர்ப் பட்டியலும் கொடுத்துத் தம் கணினியில் கிட்-எஸ்விஎன்னை அமைத்துக்கொண்டால், அது கமிட்டுகளின் அடிவரிகளைப் படித்துத் தன் ரெவ்-மேப்பைத் தானே கட்டிக்கொள்ளும். அதன்பின் டி-கமிட் என்ற கட்டளையால் தம் சொந்தச் சப்வெர்ஷன் கணக்கிலேயே அனுப்பலாம். அனுப்பிய கமிட் ரிவிஷன் எண் பெற்றுத் திரும்பும்போது அதன் ஹேஷ் மாறியிருக்கும் என்பதையும், அதுவரை பொதுவில் பகிர்ந்த கிளையை டி-கமிட் செய்யக் கூடாது என்பதையும் எல்லோருக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டு கிளைகளைச் சேர்க்கும் மெர்ஜ் கமிட்டுகளைத் தவிர்த்து, ரீபேஸ் செய்த நேர்கோட்டு வரலாற்றை மட்டும் அனுப்புவது பாதுகாப்பு.

பழைய ரிவிஷன்களின் குறிப்பைத் திருத்தும் உரிமையை, மிரர் தொடங்கும் நாளோடு மூல சர்வரில் நிறுத்திவிடுங்கள். தவிர்க்க முடியாமல் திருத்தினால், அந்த எண்ணைப் பதிவேட்டில் குறித்து, மிரரில் பழைய வாசகமே இருக்கும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். கடவுச்சொல் போன்றவை கசிந்தால் அதை அழிப்பதைவிட மாற்றுவதே சரியான மருந்து. மூலத்தில் ஏற்படும் விபத்து மிரரையும் தாக்கும் என்பதற்கு 2017 பிப்ரவரியில் வெப்கிட் என்ற உலாவி எஞ்சினின் களஞ்சியத்தில் நடந்தது பொருத்தமான எடுத்துக்காட்டு. எஸ்ஹெச்ஏ-1 என்ற முறையில் கணக்கிட்ட ஹேஷ் ஒன்றாகவும் உள்ளடக்கம் வேறாகவும் இருக்கும்படி ஆய்வாளர்கள் உருவாக்கிய இரண்டு பிடிஎஃப் கோப்புகள் சோதனைக்காகக் கமிட் செய்யப்பட்டன. ஒரே உள்ளடக்கத்தை இருமுறை சேமிக்காமல் இருக்க எஸ்ஹெச்ஏ-1 மதிப்பை நம்பிய சப்வெர்ஷன் தடுமாறியது, அதைப் பின்தொடர்ந்த கிட் மிரரும் நின்றுபோனது.

இனி, மிரரையே புதிய களஞ்சியமாக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத் திட்டம் 2010 செப்டம்பரில் சிவிஎஸ்ஸிலிருந்து கிட்டுக்கு மாறியபோது, அதற்கு முன்பே ஒரு கிட் மிரரைப் பலர் பயன்படுத்திவந்தார்கள். ஆனால் தொடர்ச்சியாகச் சேர்த்துக்கொண்டே போகும் மிரரில் பழைய கிளைகளும் டேகுகளும் எல்லா இடத்திலும் துல்லியமாக இல்லை. சிவிஎஸ் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனி வரலாறு வைக்கிறது. ஒரே கமிட்டில் பத்துக் கோப்புகள் மாறின என்பதை அது எழுதிவைப்பதில்லை. மாற்றுக் கருவிதான் எழுதியவர், குறிப்பு, நேரம் ஆகியவற்றைப் பார்த்து ஊகித்துச் சேர்க்க வேண்டும். எதிர்காலம் முழுவதும் தெரிந்த பின் ஒரே மூச்சில் ஊகிப்பதற்கும், நாளுக்கு நாள் ஊகித்துக்கொண்டு போவதற்கும் வேறுபாடு உண்டு. ஆகவே அவர்கள் சிவிஎஸ்2கிட் கருவியால் முழு வரலாற்றையும் புதிதாக மாற்றினார்கள்; பழைய மிரரின் பயனர்கள் புதிதாகக் குளோன் செய்துகொண்டார்கள். ஜிசிசி கம்பைலர் திட்டமும் 2020 ஜனவரியில் சப்வெர்ஷனை விட்டபோது, பல்லாண்டு ஓடிய கிட்-எஸ்விஎன் மிரரை அப்படியே உயர்த்தாமல், ரெப்போசர்ஜன் என்ற கருவியால் எல்லாவற்றையும் புதிதாக மாற்றி, எழுதியவர் பெயர்களையும் டேகுகளையும் கிளை உறவுகளையும் திருத்தியது.

உங்களுக்கும் அதுவே பொருந்தும். மிரரில் நீங்கள் ஹேஷுக்காகப் பொறுத்துக்கொண்ட குறைகள் எல்லாம் ஓராண்டில் ஒரு நீண்ட பட்டியலாகியிருக்கும்: தவறான மின்னஞ்சல்கள், அட் குறியோடு நிற்கும் கிளைகள், மெர்ஜ் என்று பதியாத மெர்ஜுகள். மாறும் நாள் மட்டுமே அவற்றைத் திருத்தக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு. டிரங்க் நேராக இருந்து, கிளைகள் குறைவாக இருந்து, அந்தப் பட்டியலும் உண்மையில் சிறியதாக இருந்தால் மட்டும் மிரரையே வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரையும் புதிதாகக் குளோன் செய்யச் சொல்லும் சிரமம் அப்போது தேவையற்றது.

புதிதாக மாற்றினால், பழைய அடையாளங்களைத் தொலைத்துவிடாதீர்கள். ஜிசிசி ஒவ்வொரு கமிட்டிலும் 'ஃப்ரம்-எஸ்விஎன்' என்று தொடங்கும் வரியில் பழைய ரிவிஷன் எண்ணை வைத்தது; எல்எல்விஎம் என்ற கம்பைலர் திட்டம் 2019 அக்டோபரில் மாறியபோது அதற்கு 'எல்எல்விஎம்-எஸ்விஎன்' என்ற வரி இருந்தது. பழைய மிரரின் கமிட்டுகளையும் ஜிசிசி தூக்கியெறியவில்லை. இயல்பான குளோனில் இறங்காத தனிப் பெயர்வெளியில் அதே களஞ்சியத்துக்குள் வைத்திருக்கிறது, அதனால் பழைய மின்னஞ்சல்களில் எழுதப்பட்ட ஹேஷ்களை இன்றும் திறந்து பார்க்க முடிகிறது. நீங்களும் உங்கள் மிரரின் கிளைகளை கிளைப் பெயர்கள் இருக்கும் ரெஃப்ஸ் என்பதன் கீழ் ஒரு தனிப் பெயரில் புதிய களஞ்சியத்துக்குப் புஷ் செய்துவிடுங்கள். பெரும்பாலான கோப்புகள் இரண்டு வரலாற்றுக்கும் பொதுவானவை என்பதால் இடம் அதிகம் பிடிக்காது.

பில்ட் குழு அந்த நாளிலும் சப்வெர்ஷனையே நம்பியிருந்தால், திசையை மாற்றிக்கொள்ளலாம். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத் திட்டம் 2020 டிசம்பரில் தன் மூலநிரலைக் கிட்டுக்கு மாற்றிய பிறகும், அப்போது ஆதரவில் இருந்த பழைய நிலைக் கிளைகளைக் கிட்டிலிருந்து சப்வெர்ஷனுக்கு ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது. கிட்ஹப் களஞ்சியத்தைச் சப்வெர்ஷன் கிளையண்ட்டாலேயே எடுக்கலாமே என்று யாராவது சொன்னால், அந்த வசதி 2024 ஜனவரியில் நிறுத்தப்பட்டுவிட்டது என்று சொல்லிவிடுங்கள். பில்டுக்குத் தேவையான ஓரிரு கிளைகளை மட்டும், எழுதும் உரிமை ஒரே ஒரு கணக்குக்கு உள்ள சப்வெர்ஷன் களஞ்சியத்துக்கு அனுப்பினால் போதும். அதற்கு முன்பாக மூலக் களஞ்சியத்தை, கடைசி ரிவிஷன் எண்ணைக் குறித்துக்கொண்டு, படிக்க மட்டும் முடிகிற நிலையில் வைத்துவிடுங்கள்.